வேகமாக வளர்ந்த நாடுகள்: பணம் வந்ததாலா, கைப்பழக்கம் வந்ததாலா?

பிப்ரவரி 4, மாலை 6.12 (கேள்வி)

ஏழை நாடு மளமளவென்று முன்னேற ஒரே வழிதான் இருக்கிறது: வெளிநாட்டு முதலீடு. கையில் காசில்லாதவன் எப்படித் தொழில் தொடங்குவான்? நாட்டுக்கும் அதே கதைதான். கல்வி, நிர்வாகம், கலாச்சாரம் என்று எல்லாரும் சுற்றி வளைக்கிறார்கள். பணம் வந்த நாடு வளர்ந்தது, வராத நாடு வளரவில்லை. மறுப்பவர்கள் உதாரணத்தோடு வரவும்.

பிப்ரவரி 4, இரவு 10.40

மறுக்கிறேன்.

முதலில் மளமளவென்று என்றால் எவ்வளவு? 70ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்துப் பாருங்கள், நாட்டின் பொருளாதாரம் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று வந்துவிடும். 2 சதவீதம் என்றால் 35 ஆண்டு. 7 சதவீதம் என்றால் 10 ஆண்டு. 7 சதவீதத்தை ஒரு நாடு 30 ஆண்டு விடாமல் பிடித்தால் எட்டு மடங்கு. ஓரிரு ஆண்டு 7ஐத் தொட்டுவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்த நாடுகள் ஏராளம். கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்துக்கொண்டே போனவை தென் கொரியா, தைவான், சிங்கப்பூர், சீனா, ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா என்று விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.

பணம்தான் எல்லாம் என்றால் வெனிசுவேலாவும் நைஜீரியாவும் இந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். எண்ணெய்க் காசு கொட்டிய நாடுகள் அவை.

என் பக்கத்து நியாயம் தொழிற்சாலைத் தரையிலிருந்து வருகிறது. ஏற்றுமதிச் சட்டை தைக்கிற ஆலையில் லைன் சூப்பர்வைசராக ஆரம்பித்து பதினாறு வருடம் ஓட்டியவன் நான். நாளை எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 5, காலை 7.15

புது லைன், அதாவது ஒரு சட்டையைப் பங்கு பிரித்துத் தைக்கிற மெஷின் வரிசை, போடும்போது முதல் நாள் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? மெஷின்கள் எல்லாம் பளபளவென்று வந்து இறங்கியிருக்கும். முதலாளி முதலீடு செய்துவிட்டார். ஆனால் சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் டார்கெட்டில் கால் பங்கு பீஸ்கூட வந்திருக்காது, வந்ததிலும் பாதி ஆல்டருக்கு, அதாவது பிரித்துத் திருத்தித் தைக்க, போகும். மூன்று வாரம் கழித்து அதே மெஷின், அதே ஆட்கள், மூன்று மடங்கு பீஸ். நடுவில் ஒரு பைசா கூடுதல் முதலீடு கிடையாது.

எங்களுக்குத் தீராத தலைவலி காலர் முனை. காலரின் இரண்டு துணியையும் உள்பக்கமாகத் தைத்துவிட்டு வெளியே திருப்ப வேண்டும். திருப்பும்போது முனை மொண்ணையாக நிற்கும். கத்தரி நுனியை உள்ளே விட்டுக் குத்தி வெளியே தள்ளுவோம், பத்தில் ஒன்று பொத்துக்கொள்ளும். வேறொரு ஆலையிலிருந்து ஒரு அக்கா வந்து சேர்ந்தார். அவர் முனைக்கு வந்ததும் இரண்டு துணிக்கும் நடுவில் ஒரு நூல் துண்டை வைத்து, அதைத் தையலில் பிடிக்கிற மாதிரி ஒரு தையல் போட்டு, அப்புறம் மறுபக்கம் திருப்பினார். திருப்பிவிட்டு நூலின் இரண்டு நுனியையும் பிடித்து ஒரு இழுப்பு. முனை ஊசி மாதிரி வந்து நின்றது. நூலை உருவி எறிந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் பக்கத்து மெஷினில் இருந்தவர் பிடித்துக்கொண்டார், வாரக் கடைசிக்குள் நான்கு லைனும். யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை.

ஒரு நாடு வேகமாக வளர்வது என்பது இந்தக் காலர் முனை லட்சம் இடத்தில் நடப்பது. இதுதான் என் கட்சி.

பிப்ரவரி 5, மதியம் 1.30

இதைப் பெரிய அளவில் காட்ட பங்களாதேஷ். 1970களின் கடைசியில் அங்கே ஏற்றுமதி ஆடைத் தொழில் இருந்ததாகவே சொல்ல முடியாது. தென் கொரிய ஆடைகளுக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் இவ்வளவுதான் இறக்குமதி என்று கோட்டா போட்டிருந்தன. கோட்டா இல்லாத நாட்டைத் தேடிக்கொண்டிருந்தது கொரியாவின் டேவூ நிறுவனம். பங்களாதேஷின் தேஷ் கார்மெண்ட்ஸோடு கைகோத்தது. 1979இல் தேஷ் ஆட்கள் சுமார் 130 பேரை கொரியாவின் பூசான் நகருக்கு அழைத்துப்போய் டேவூ ஆலையிலேயே மாதக்கணக்கில் பழக்கினார்கள். தையல் மட்டுமல்ல, கட்டிங், தரம் பார்ப்பது, பையரிடம் (சரக்கு வாங்குகிறவரிடம்) பேசுவது, ஏற்றுமதிக் காகித வேலை எல்லாமும்.

அந்த 130 பேரில் பெரும்பாலானோர் அடுத்த சில வருடங்களில் தேஷை விட்டு வெளியேறினார்கள். சிலர் சொந்த ஆலை போட்டார்கள், சிலரை மற்ற முதலாளிகள் கொத்திக்கொண்டு போனார்கள். தேஷ் நிறுவனத்துக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். நாட்டுக்கு அதுதான் அதிர்ஷ்டம். இன்று பங்களாதேஷின் ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் ஆடைதான்.

பணம்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பேக் டு பேக் எல்.சி. என்போம். எல்.சி. என்றால் சரக்கு அனுப்பியதற்கான காகிதங்களைக் காட்டினால் பணம் தருவதாக வாங்குகிறவரின் வங்கி எழுதித் தரும் உறுதிக் கடிதம். வெளிநாட்டு பையர் திறந்த எல்.சி.யை வங்கியில் காட்டினால், அதை ஈடாக வைத்து துணி இறக்குமதிக்கு இன்னொரு எல்.சி. திறந்து தருவார்கள். சட்டை போய்ப் பணம் வந்ததும் துணிக்காரருக்குப் போய்விடும். துணியும் சுங்கத்துறைக் கண்காணிப்பில் இருக்கிற பாண்டட் கிடங்கு வழியாக வரி கட்டாமல் வரும். கையில் காசில்லாதவன் எப்படித் தொழில் தொடங்குவான் என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

பிப்ரவரி 5, இரவு 9.05

காலர் முனை பற்றி நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். பேக் டு பேக் எல்.சி. பற்றி ஒருவர்கூட இல்லை. சரி.

பிப்ரவரி 7, காலை 6.50

"கைப்பழக்கம் போதும் என்றால் தையல் தெரிந்த நாடெல்லாம் கொரியா ஆகியிருக்குமே" என்று கேட்டவருக்கு. நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசிக்க வைத்தது.

கொரியா தையலிலும் விக்கிலும்தான் ஆரம்பித்தது. விக் என்றால் தலையில் வைக்கிற பொய் முடி. 1970 வாக்கில் அவர்களுடைய முக்கிய ஏற்றுமதிகளில் அது ஒன்று. அங்கேயே நின்றிருந்தால் இந்த விவாதத்தில் அவர்கள் பெயர் வந்திருக்காது. 1968இல் போஹாங் உருக்காலை நிறுவனத்தைத் தொடங்கினார்கள், 1973இல் இரும்பு உருகி ஓடியது. நடுவில் உலக வங்கி இந்தத் திட்டம் தேறாது என்று கைவிரித்தது. 1970களில் கப்பல், ரசாயனம், மின்னணு என்று ஒவ்வொன்றாக ஏறினார்கள்.

ஏறவைத்தது எது? 1960களின் நடுவிலிருந்து மாதாமாதம் ஏற்றுமதிக் கூட்டம் நடக்கும், அதிபர் பார்க் சுங்-ஹீ தலைமையில். எந்த நிறுவனம் இலக்கைத் தொட்டது, எது தொடவில்லை என்று எல்லார் முன்னாலும் கணக்கு. அரசு வங்கியிலிருந்து குறைந்த வட்டிக் கடன் உண்டு, ஆனால் ஏற்றுமதி செய்து காட்டினால்தான். உள்ளூரில் அதிகாரியைத் தெரிந்து வைத்திருக்கலாம், வரிச் சுவருக்குப் பின்னால் மட்டமான சரக்கை விற்கலாம். வேறு நாட்டு பையரிடம் அந்தப் பருப்பு வேகாது. அவன் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவான். ஏற்றுமதி என்பது டாலர் சம்பாதிக்க மட்டுமில்லை, பொய் சொல்ல முடியாத ஒரு பரீட்சை.

1964இல் கொரிய ஏற்றுமதி 10 கோடி டாலர். 1977இல் 1,000 கோடி. பதின்மூன்று வருடத்தில் நூறு மடங்கு. 

சலுகை கொடுத்த நாடுகள் நிறைய. வாங்கிக்கொண்டு வேலை செய்யாதவனிடம் சலுகையைத் திரும்பப் பிடுங்கிய நாடுகள் குறைவு. ஆக என் கட்சியில் ஒரு திருத்தம்: கைப்பழக்கம், கூடவே பரீட்சை.

பிப்ரவரி 8, இரவு 11.20

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். பார்க் சுங்-ஹீக்கு விளம்பரம் எழுதின மாதிரி இருக்கிறது. இன்னொன்று, கொரியாவுக்குப் பணமே வரவில்லை என்கிற தொனியும் வந்துவிட்டது. அது தப்பு. போர் முடிந்த 1953க்குப் பிறகு அமெரிக்க உதவி பெருமளவு வந்தது. 1965இல் ஜப்பானோடு உறவை ஒப்பந்தம் போட்டுச் சீராக்கியபோது 30 கோடி டாலர் இனாமாக, 20 கோடி சலுகைக் கடனாக, அதற்கு மேல் வர்த்தகக் கடன் என்று கிடைத்தது. போஹாங் உருக்காலைக்குப் போனதில் அந்தப் பணம் பெரும் பங்கு. உலக வங்கி கைவிரித்த கதையைச் சொல்லிவிட்டு இதை விட்டது என் பிழை.

ஆனாலும் கேள்வி கேட்டவர் சொல்கிற வெளிநாட்டு முதலீடு இது இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி வந்து சொந்தமாக ஆலை போட்டு லாபத்தை எடுத்துப்போகிற வகையை கொரியா அதிகம் உள்ளே விடவில்லை. கடனாக வாங்கி, தொழில்நுட்பத்தைக் காசு கொடுத்துக் கற்று, தானே நடத்தியது. அந்தக் கடன் பழக்கம்தான் 1997இல் கழுத்தைப் பிடித்து ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) வாசலில் நிறுத்தியது. அதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது பிடித்துக்கொள்வீர்கள்.

பிப்ரவரி 10, காலை 8.00

விவசாயத்தை விட்டுவிட்டீர்களே என்கிறார் ஒருவர். விட்டுவிட்டேன்தான். ஆலைக்காரனுக்கு உலகமே ஆலை.

யோசித்துப் பார்த்தால் அதுதான் முதல் படி. தைவானில் 1949இல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம். 1953இல் உழுகிறவனுக்கே நிலம். நிலக்காரர்களுக்கு ஈட்டுத்தொகை எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? எழுபது சதவீதம் நிலப் பத்திரம், முப்பது சதவீதம் அரசு நிறுவனங்களின் பங்கு. நேற்றுவரை குத்தகை வாங்கிக்கொண்டிருந்தவர் கையில் சிமெண்ட் கம்பெனிப் பங்கு! கொரியாவிலும் 1950 வாக்கில் மூன்று ஹெக்டேர் உச்சவரம்பு.

சீனாவில் 1978 கடைசியில் அன்ஹுய் மாகாணத்து ஷியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் கூட்டுப்பண்ணை நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்ள ரகசியமாக எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். மாட்டிக்கொண்டால் சிறை. யாராவது சிறைக்குப் போனால் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பது என்பதும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. அந்த முறை நாடு முழுக்கப் பரவியது. தானிய உற்பத்தி 1978இல் சுமார் 30 கோடி டன், 1984இல் சுமார் 40 கோடி டன். அதே நிலம், அதே ஆட்கள். வியட்நாமிலும் 1988இல் நிலத்தைக் குடும்பங்களிடம் விட்டார்கள், அரிசி வாங்கிக்கொண்டிருந்த நாடு 1989இல் 14 லட்சம் டன் விற்றது.

வயிறு நிறைந்து மிச்சம் இருந்தால்தான் வீட்டுப் பெண் ஆலைக்கு வருவாள், அவள் வாங்க ஏதாவது இருந்தால்தான் உள்ளூர்க் கடை திறக்கும். என் லைனில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வயல்வேலையிலிருந்து வந்தவர்கள் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. பதினாறு வருடம் கண்ணெதிரே இருந்த விஷயம்.

பிப்ரவரி 10, மாலை 5.45

வைரம் கிடைத்ததால்தானே போட்ஸ்வானா வளர்ந்தது என்பவருக்குச் சுருக்கமாக. வைரம் வேறு நாடுகளிலும் கிடைத்தது, அங்கே துப்பாக்கிதான் வாங்கினார்கள். போட்ஸ்வானா 1966இல் விடுதலை அடைந்தபோது நாடு முழுக்க தார்ச்சாலை 12 கிலோமீட்டர். அடுத்த வருடம் ஒராபாவில் வைரம். அந்த இடம் அதிபர் செரெட்சே காமாவின் சொந்தக் குலத்தார் நிலம். கனிம உரிமை குலத்துக்கல்ல, நாட்டுக்கு என்று அவரே சட்டம் கொண்டுவந்தார். 1975இல் வைரச் சுரங்க நிறுவனமான டி பியர்ஸிடம் பேரம் பேசி அரசின் பங்கை 15இலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார்கள்.

என் கட்சிக்கு இது இடிக்கிற உதாரணம்தான். இங்கே காலர் முனை எதுவும் இல்லை, ஒழுங்கான கணக்குப்பிள்ளை மட்டும் இருந்தார். ஆனால் அங்கே இன்னும் வைரத்தை நம்பித்தான் பிழைப்பு, வேலையில்லாதவர்களும் அதிகம். வருமானம் ஏறியது, வேலை தெரிந்த கைகள் அந்த அளவு பெருகவில்லை. தென் அமெரிக்காவின் கயானாவையும் பாருங்கள். 2019 டிசம்பரில் கடலில் எண்ணெய் எடுக்க ஆரம்பித்தார்கள், 2022இல் ஒரே ஆண்டில் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி. அந்த எண்ணெய்க் கப்பலில் எத்தனை கயானாக்காரர் வேலை பார்ப்பார்?

பிப்ரவரி 12, இரவு 10.10

ஒரு பொத்தான் கதை. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், இன்று பழைய பேக்கிங் மாஸ்டரிடம் பேசியதில் நினைவு வந்துவிட்டது.

ஒரு தடவை மொத்த ஆர்டரும் தைத்து முடித்து, பொத்தான் மட்டும் பாக்கி. பையர் சொன்ன பொத்தான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். துறைமுகத்துக்கு வந்துவிட்டது, மொத்தமே இரண்டு அட்டைப்பெட்டி. இன்வாய்ஸில் இருந்த எடையும் பெட்டியின் எடையும் கொஞ்சம் பொருந்தவில்லை என்று பதினோரு நாள் நிறுத்தி வைத்தார்கள். லைன் முழுக்கப் பொத்தானில்லாத சட்டைகள் மலை மாதிரி. ஆட்களைச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம். கடைசியில் கப்பல் போய்விட்டது, சரக்கை விமானத்தில் அனுப்பினோம், அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் ஆகாயத்தில் போனது. அடுத்த சீசனுக்கு அந்த பையர் வரவில்லை.

எங்கள் ஆட்களுக்கு வேலை தெரியும். மெஷின் இருந்தது. முதலீடும் இருந்தது. இரண்டு பெட்டி பொத்தான் தோற்கடித்தது. சிங்கப்பூர் 1972லேயே கன்டெய்னர் முனையத்தைத் திறந்தது ஏன் என்று அப்போது புரிந்தது. 1956இல் மால்கம் மெக்லீன் என்கிற அமெரிக்க லாரி முதலாளி முதன்முதலாக 58 கன்டெய்னர் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பியபோது வளர்ச்சிப் பொருளாதாரம் பேசுகிற யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மின்சாரமும் அப்படியே. பத்து நிமிடம் கரண்ட் போனால் பத்து நிமிட உற்பத்தி மட்டும் போகாது. லைன் மறுபடி தாளத்துக்கு வர அரை மணி ஆகும்.

பிப்ரவரி 15, காலை 7.30

இரண்டு நாளாக எழுதவில்லை. "எல்லாம் சரி, அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தார் ஒருவர்.

1970 நவம்பர் 13 அன்று கொரியத் தலைநகர் சியோலில், பியோங்ஹ்வா சந்தை ஆடைப் பட்டறைகள் பக்கம், ஜியோன் டே-இல் என்கிற 22 வயதுத் தையல் தொழிலாளி தீக்குளித்தார். தொழிலாளர் சட்டம் காகிதத்தில் இருக்கிறது, பட்டறையில் இல்லை என்பதுதான் அவர் சொன்னது. நான் மேலே சிலாகித்த அதே கொரியா, அதே ஏற்றுமதி வேகம். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. உள்ளே போகச் சொன்னார்கள், ஏனென்றால் ஷிப்மெண்ட் தேதி.

நானும் ஷிப்மெண்ட் தேதி என்று சொல்லி இரவு பத்து மணிவரை ஆட்களை நிறுத்தியவன்தான். கால் வீங்கியதைக் காட்டிய ஒரு பெண்ணிடம் "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்றேன். அது ஒரு நாள் இல்லை, அவருக்கும் தெரியும்.

சர்வாதிகாரம் இருந்தால்தான் வளர முடியும் என்று இதை எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சர்வாதிகாரி மொபுட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஜயீரை, அதாவது இன்றைய காங்கோவை, ஆண்டார், என்ன வளர்ந்தது? போட்ஸ்வானா விடுதலையிலிருந்து தேர்தல் நடத்திக்கொண்டேதான் வளர்ந்தது. மொரீஷியஸும் அப்படியே. 1961இல் ஜேம்ஸ் மீட் என்கிற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் இந்தத் தீவு தேறுவது கஷ்டம் என்று எழுதினார், பிறகு அவருக்கே நோபல் பரிசு கிடைத்தது. 1970இல் ஏற்றுமதி மண்டலம் தொடங்கி ஆடை தைத்துத் தேறிவிட்டார்கள். பெரிய மனிதர்களுக்கே ஜோசியம் பொய்க்கிறது, நமக்கு என்ன.

பிப்ரவரி 16, இரவு 9.50

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "சிங்கப்பூர்? அங்கே வெளிநாட்டுக் கம்பெனிதானே?" என்கிறார். ஆமாம். அங்கே நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். வியட்நாமும் பெரிய அளவில் அப்படித்தான், 2000களின் கடைசியில் சாம்சங் வந்து பாக் நின்னில் போன் ஆலை போட்டது.

அதனால் கேள்வியை நான் இப்படி மாற்றிக்கொள்கிறேன்: வந்த முதலீடு ஒழுகுமா, ஒழுகாதா? தேஷ் ஆலை ஒழுகியது. 130 பேர் வெளியே போய் ஊரெல்லாம் ஆலை போட்டார்கள். சுற்றிலும் வேலி போட்டு, பெட்டியில் வந்த பாகத்தைப் பூட்டி அனுப்பிவிடுகிற ஆலை ஒழுகாது. சலுகை முடிந்ததும் அது வேறு நாட்டுக்குக் கிளம்பிவிடும். எத்தியோப்பியாவில் 2016இல் ஹவாசா தொழிற்பூங்கா திறந்தபோது நானே ஆசையோடு செய்தி படித்தேன். போர் வந்தது, 2022 ஜனவரியில் அமெரிக்கா வரிச்சலுகையை நிறுத்தியது, வெளிநாட்டு நிறுவனங்கள் சில மூட்டை கட்டின. இன்னும் ஐந்து வருடம் கிடைத்திருந்தால் அங்கேயும் ஒழுகியிருக்குமோ என்று தோன்றுகிறது.

எங்கள் ஆலையிலிருந்து போனவர்களில் எனக்குத் தெரிந்து ஏழு பேர் சொந்த யூனிட் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலர் அக்காவும் ஒருவர். முதலாளி அப்போது ஏழு பேரையும் திட்டினார். இப்போது அவசர ஆர்டர் வந்தால் அவர்களிடம்தான் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைத்துத் தரும் வேலை, கொடுக்கிறார்.

பிப்ரவரி 17, காலை 6.40

காலர் நூல் எந்த நிறம் என்று மூன்றாவது முறையாகக் கேட்டவருக்கு: சட்டையின் நிறமே. வேறு நிறம் போட்டால் தைக்கும்போது கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் இழுக்கும்போது அறுந்து உள்ளே துணுக்கு தங்கிவிட்டால் வெள்ளைக் காலரில் காட்டிக்கொடுத்துவிடும். இரட்டை இழையாகப் போடுங்கள், ஒற்றை இழை அறும். முனையில் மிச்சத் துணியை வெட்டிவிட்டு அப்புறம் திருப்புங்கள்.